4118-ஆம் எண்ணின் மனநலம்

சர்க்கரை நோய்ப் பிரிவின் வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். 'இங்கே மனமும் பார்க்கப்படும்.'

அதுவரை அங்கே ரத்தம் பார்த்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று குத்திப் பார்த்தார்கள், டாக்டர் அவ்வப்போது தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனம் ஒன்றுதான் பாக்கி. சர்க்கரைக்காரர்களில் பல பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கிறது, யாரும் கேட்பதில்லை, கேட்டால் தெரியும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னது சரிதான். சரியான விஷயம் ஒன்று அலுவலகத்துக்குள் நுழைந்தால் என்ன கதி ஆகுமோ, அது ஆயிற்று.

பலகை மாட்டிய அடுத்த மாதம் கதவுக்காரர் மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனார்.

கதவுக்காரர் என்றால், இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல், நிலை வாங்கி விற்கிறவர். அவருடைய முற்றத்தில் எப்போதும் எண்பது தொண்ணூறு கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும். எதைத் திறந்தாலும் அந்தப் பக்கம் இன்னொரு கதவுதான். முற்றத்தின் பின்கோடியில் இரண்டு அறைகள். அங்கே அவரும் மனைவியும் இருந்தார்கள். ஏழு மாதமாக அவர் மட்டும் இருந்தார். இருந்தார் என்பதுகூடக் கொஞ்சம் கூட்டிச் சொன்ன விலைதான்.

இரண்டு பேருக்கும் சர்க்கரை. ஒரே நாளில் அட்டை வாங்கியவர்கள். அவருக்கு 4117, அவளுக்கு 4118. இரண்டு பேருக்குமே தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்ளும் தைரியம் கிடையாது. அதனால் அவருக்கு அவள் போடுவாள், அவளுக்கு அவர் போடுவார். பதினாறு வருடம் இப்படியே ஓடியது. ஒருவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பார், மற்றவர் குத்துவார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். காலையில் சண்டை போட்டிருந்தாலும் அந்த இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டாக வேண்டும்; கையில் ஊசி இருக்கிறவரிடம் யார் வம்புக்குப் போவது?

அவள் போன பிறகு அவரும் முயன்று பார்த்தார். ஊசியை எடுப்பார், சட்டையைத் தூக்குவார். எதிரில் ஆள் இல்லாமல் அந்தக் காரியம் என்னவோ திருட்டு வேலை மாதிரி இருக்கும். மூடி வைத்துவிடுவார். முதலில் வாரத்தில் ஒரு நாள் தவறியது. பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் தவறாமல் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இடுப்பு வாரில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருந்தார். இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டிருந்தார்.

அவள் குரல் மட்டும் கதவுகளுக்கு நடுவிலிருந்து வரும். பயமுறுத்துகிற குரல் எல்லாம் இல்லை. "அந்த ரெட்டைக் கதவை இந்த விலைக்கா குடுத்தீங்க? நல்லா ஏமாந்தீங்க போங்க." எந்தக் கதவுக்குப் பின்னால் என்று தேடி ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பார். வாங்க வந்தவர்கள் இவர் சரக்கு காட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மருத்துவமனையில் சிஸ்டர் ஒரு தாளை நீட்டினார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லையா, தூக்கமில்லையா, பசியில்லையா, இப்படிப் போகும். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், சில நாள் என்றால் ஒன்று, பாதி நாளுக்கு மேல் என்றால் இரண்டு, கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று. கதவுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உண்மையை எழுதிக் கொடுத்தார். பழக்கமில்லாத காரியம் என்பதால் நேரம் பிடித்தது.

சிஸ்டர் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னங்கய்யா இது, இருபத்தொண்ணு சொல்றீங்க!"

"ஜாஸ்தியா?"

"பத்தைத் தாண்டினா மனநல அறைக்கு அனுப்பணும்."

"அனுப்புங்க."

"பூட்டியிருக்கு."

"எப்பத் திறப்பாங்க?"

"திறந்தாச்சே. போன மாசம் விழா வச்சுத் திறந்தாங்க. அன்னிக்கே பூட்டிட்டாங்க. டாக்டர் போடலை."

"அப்ப என்ன பண்றது?"

"நான் பதினோரு பக்கம் எழுதணும். ஒரு ஆளுக்குப் பதினோரு பக்கம். திரும்பிப் பாருங்க, எத்தனை பேர் நிக்கறாங்கன்னு." சிஸ்டர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "தூக்கமே இல்லைன்னு மூணு போட்டிருக்கீங்க. மத்தியானம் கண்ணு அசர்றது இல்லையா?"

"அசரும்."

"அப்ப ஒண்ணு."

கதவுக்காரர் இந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும். முடியவில்லை. நாற்பது வருடம் கடைத்தெருவில் உட்கார்ந்தவர். எதிராளி குறைத்துக் கேட்டால் வாய் தானாகவே திறந்துகொள்ளும்.

"ஒண்ணு கட்டாது சிஸ்டர். ரெண்டு."

"ரெண்டு வச்சா பசியில ஒண்ணு விட்டுக் குடுங்க."

"பசியில எப்படி விடறது? நீங்களே பாருங்க, வாரு சுத்திச் சுத்தி வருது."

"சரி, பசி உங்களுக்கு. எதுலயும் நாட்டம் இல்லைங்கறதை எனக்குக் குடுங்க. நாட்டம் இல்லாமலா இவ்வளவு பேரம் பேசறீங்க?"

அவருக்கே அது நியாயமாகப் பட்டது. அப்படிப் பன்னிரண்டுக்கு வந்தார்கள். ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். செத்துப் போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியதா என்பது கேள்வி. அவர் மூன்று போட்டிருந்தார்.

"இது வேண்டாங்கய்யா. இதுல ஒண்ணு போட்டாலே மூணு அதிகாரி கையெழுத்து. ஒருத்தர் லீவு. இதை மட்டும் விட்டுக் குடுத்துடுங்க, மத்ததுல நான் வாயே திறக்கல."

அவர் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். கால் வலியோடு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிற முகம். கடைசியில் யாராவது ஒருவர் இறங்கி வந்தால்தானே வியாபாரம் முடியும்?

"சரி, வச்சுக்கோங்க" என்றார்.

ஒன்பதில் படிந்தது. சிஸ்டர் அட்டையில் முத்திரை குத்தினார்: 'மனம்: சீர்.' பக்கத்து அறையில் டாக்டர் சர்க்கரை நானூற்றைத் தொட்டிருப்பதைப் பார்த்து, முத்திரையையும் பார்த்து, "மனசு நல்லாத்தானே இருக்கு, வாயைக் கட்டறதுக்கு என்ன?" என்று கடிந்துகொண்டார்.

கிளம்பும்போது சிஸ்டர் கூப்பிட்டார். "உங்களுக்கு அடுத்த நம்பர் வீட்டம்மாதானே? ஏன் வரவே இல்லை? இன்னிக்கு நிக்கறவங்களையும் முடிச்சுட்டா ஆயிரத்து இருநூத்திப் பன்னெண்டு பேர்ல அவங்க மட்டும்தான் பாக்கி."

"அவ தவறி ஏழு மாசம் ஆச்சு சிஸ்டர்."

"அடடா." நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பட்டியல்லேருந்து எடுக்கணும்னா இதுல நாலு காரணம்தான் இருக்கு. வெளியூர் போயிட்டாங்க, வேற இடத்துல பாத்துக்கறாங்க, விருப்பம் இல்லை, குணமாயிட்டாங்க. இதுல எது?"

கதவுக்காரர் யோசித்தார். "எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்."

"செத்துட்டாங்கன்னு தனியா இல்லையே. இது நலத்திட்டம் பாருங்க, சாவு வேற பிரிவு." ஒரு தாளை மடித்து அவர் பையில் வைத்தார். "நோயாளிக்கு முடியலைன்னா வீட்டு ஆள் நிரப்பலாம்னு விதி இருக்கு. ஒன்பதுக்கும் பூஜ்யம் போட்டுப் பெட்டியில போட்டுடுங்க. நூத்துக்கு நூறு ஆயிடும், எங்களுக்கும் புண்ணியம்."

அன்று மாலை வெளிநாட்டிலிருந்து மகள் பேசினாள்.

"மனசுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தாங்களாமே, எவ்வளவுப்பா?"

"ஒன்பது."

"எத்தனைக்கு?"

"இருபத்தேழுக்கு."

"குறைச்சலா இருந்தாத்தானே நல்லது? அப்பாடா. நான் என்னமோ நீங்க அம்மாவையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு பயந்துட்டு இருந்தேன்."

மறுநாள் காலை முற்றத்தில் ஒரு கதவைப் படுக்கவைத்து அதன்மேல் மனைவியின் தாளை விரித்தார். பூஜ்யம் போடத்தான் பேனாவை எடுத்தார். ஆனால் பதினாறு வருடமாக அவளைப் பற்றி மருத்துவமனையில் பொய் சொன்னவர் இல்லை. கேள்வியைப் படித்து நிதானமாக யோசித்தார்.

எதிலும் நாட்டமில்லையா? இல்லை. இருந்தால் இந்தக் கதவுகளை இவ்வளவு தூசியோடு விட்டு வைத்திருப்பாளா? மூன்று. தூக்கம் மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருக்கிறதா? அதிகம். மூன்று. பசி? கிடையவே கிடையாது. மூன்று. உடம்பில் தெம்பு? மூன்று. மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு அசைவிலும் பேச்சிலும் மந்தம்? பார்த்தவர்கள் அத்தனை பேரும் கவனித்தார்கள், அதற்காகவே வண்டி பிடித்து வந்திருந்தார்கள். மூன்று.

எழுத எழுத அவருக்கு ஒன்று புலப்பட்டது. அவளுக்கு என்று எழுதியது எல்லாம் தனக்கும் அப்படியே பொருந்தியது. ஒரே அளவில் செய்த இரட்டைக் கதவு மாதிரி.

ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றது. செத்துப் போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கடைசி வாரத்தில்கூட, முன்பக்க ஜன்னல்களுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் தன்னுடைய விடையை எழுதினார்.

மொத்தம் இருபத்தேழு. குறைத்துக் கேட்க எதிரில் யாரும் இல்லை. கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்.

பெட்டித் தாள்கள் சிஸ்டர் கைக்குப் போவதில்லை, நேரே கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டருக்குக் கால் வலி கிடையாது. அது சிவப்பு விளக்கைப் போட்டது.

திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் பூரித்துப்போனார். மறுநாள் காத்திருப்போர் பெஞ்சுகளின் முன்னால் நின்று பேசினார்: "பெருமக்களே! இந்தத் திட்டம் தேவையான்னு சில பேர் கேட்டாங்க. ஆயிரத்து இருநூத்திப் பதினோரு பேரைக் கேட்டோம், ஒருத்தருக்குக்கூடச் சோகம் இல்லை. அந்த அளவுக்கு நம்ம ஊழியர்கள் கடுமையா உழைச்சிருக்காங்க. சோகமே இல்லைன்னா திட்டத்தை மூடிடுவாங்களோன்னு நான் தூங்காம இருந்தேன். பசி போச்சு. எதுலயும் நாட்டமில்லை. நல்லவேளை, கடவுள் கண் திறந்தார். நமக்கு ஒரு இருபத்தேழு கிடைச்சிருக்கு!"

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். டோக்கன் சீக்கிரம் நகரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை ஏழரை மணிக்குக் கதவுக்காரர் வீட்டில் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல், எதையோ பார்த்துப் படிக்கிற குரல்.

"வணக்கம். நான் மனநல ஆலோசகர் பேசறேன். உங்க துயரத்துல நாங்க பங்கெடுத்துக்கறோம். ரெண்டு நொடி இடைவெளி." சட்டென்று நிறுத்தினாள். "மன்னிச்சுக்கோங்க, அது படிக்கறதுக்கு இல்லை. அம்மாகிட்ட குடுங்க."

"அவ பேசமாட்டாம்மா. அவ வந்து..."

"குறுக்கே பேசாதீங்கய்யா, ரெக்கார்டு ஆகுது. பேச மறுக்கிறார்னு எழுதிக்கறேன். இப்ப எங்க இருக்காங்க?"

அவர் கதவுகளின் பக்கம் பார்த்தார். "இங்கதான் எங்கயோ."

"தனியா இருக்காங்களா?"

"ஆமா. ரொம்பத் தனியா."

"சாப்பிட்டாங்களா?"

"இல்லை."

"ஊசி போட்டாச்சா? யார் போடுவீங்க?"

"நான்தான் போடுவேன்."

"அப்ப இப்பவே போடுங்க. நான் லைன்ல இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்."

எங்கேயும் போகமாட்டேன் என்று அவள் தாளைப் பார்த்துத்தான் படித்திருப்பாள். கதவுக்காரர் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டார். குளிர்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தார். சட்டையைத் தூக்கினார். கூரையைப் பார்த்தார்.

"போட்டாச்சா?"

"ஆச்சு."

"வலிச்சுதா அவங்களுக்கு?"

அவர் ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டார். "கொஞ்சம்" என்றார்.

"சரி, அரை மணியில சாப்பிடச் சொல்லுங்க. நாளைக்குக் கேப்பேன்."

இருபதுக்கு மேல் போனவர்களுக்கு அறுபது நாள், தினமும் போன் என்பது விதி. இதுவரை யாருக்கும் வராத விதி என்பதால் அது புத்தம் புதிதாக, பழுதில்லாமல் இருந்தது. தினமும் ஏழரைக்கு அடித்தது. சாப்பிட்டாங்களா என்று அந்தப் பெண் கேட்பாள். மனைவியின் பங்குக்கு அவர் ஒரு ரொட்டித் துண்டைச் சாப்பிட்டு வைப்பார். வெளியே நடந்தாங்களா என்று கேட்பாள். தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்து, "நடந்தா, மூச்சு வாங்குது" என்பார். குளிச்சாங்களா, தலை வாரினாங்களா என்று கேட்ட வாரத்தில் கடைத்தெருவில் பழகியவர்களுக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆலோசகப் பெண்ணும் ஒரு மாதத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னிக்கும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காங்களா? நான் திட்டினேன்னு சொல்லுங்க" என்பாள். அவர் முற்றத்துப் பக்கம் திரும்பி, "கேட்டியா, உன்னைத் திட்டறாங்க" என்பார்.

கதவுகளுக்கு நடுவிலிருந்து பதில் வரும். வராத நாளும் இருந்தது. அந்த நாள்களில் அவர் கதவுகளை நகர்த்தாமல் தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அறுபதாம் நாள் மறுபடி ஒன்பது கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டாள். வழக்கம்போல உண்மையைச் சொன்னார். தூக்கம் பரவாயில்லை, பசி இருக்கிறது, ஒன்பதாவதற்கு, "இப்பல்லாம் எப்பவாவதுதான்." அவள் கூட்டினாள்.

"ஐயா! நாலு! அம்மா குணமாயிட்டாங்க!" அவள் குரலில் அழுகை தட்டியது. "நாளையிலேருந்து நான் போன் பண்ணவேண்டியது இல்லை."

மறுநாள் ஏழரைக்கு மணி அடிக்கவில்லை. கதவுக்காரர் ஊசியைக் கையில் எடுத்தார், சட்டையைத் தூக்கினார், எட்டரை வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு மூடி வைத்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ஊசியை எடுக்கவே இல்லை. அன்றைக்கு விழா அழைப்பிதழ் வந்தது: மனச்சோர்விலிருந்து முழுமையாக மீண்ட முதல் நோயாளி, எண் 4118, அவர்களுக்குப் பாராட்டு.

மேடையில் ஒருங்கிணைப்பாளர் உணர்ச்சிவசப்பட்டார். "இந்த அம்மையார் பேசமாட்டாங்க, சாப்பிடமாட்டாங்க, படுத்த இடத்தைவிட்டு அசையமாட்டாங்க. மருத்துவம் கைவிட்ட நிலை. அப்படிப்பட்டவங்களை ஒரு மாத்திரை செலவில்லாம, ஒரு டாக்டர்கூட இல்லாம, நேர்ல பார்க்காமலே எழுப்பி உக்கார வச்சிருக்கோம். உலகத்துல வேற எங்கயும் நடந்திருக்காது. 4118, மேடைக்கு வாங்கம்மா!"

கதவுக்காரர் ஏறினார். கேமராக்காரர் தலையை நிமிர்த்தச் சொன்னார். கேடயத்தை நீட்டியபடியே ஒருங்கிணைப்பாளர் சிரிப்பு மாறாமல் கேட்டார். "அம்மா வரலையா?"

"அவ செத்து ஒன்பது மாசம் ஆச்சு சார்."

ஒருங்கிணைப்பாளரின் சிரிப்பு அப்படியே இருந்தது. "போட்டோ எடுக்கட்டும்" என்றார் பல்லுக்கிடையில். "அதுவரைக்கும் உயிரோட இருக்கட்டும்."

விழா முடிந்ததும் அவரை மனநல அறைக்குக் கூட்டிப்போனார்கள். விழாவுக்காகத் திறந்திருந்தார்கள். நாற்காலிகளில் உறை பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று முனகியது. ஒருங்கிணைப்பாளர் கதவைச் சாத்தினார்.

"மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. குணமானவங்க ஒருத்தர்தான். அந்த ஒருத்தரும் செத்தவங்கன்னா நான் எங்க போய் முகத்தை வச்சுக்கறது? ஏன் சொல்லலை?"

"சொன்னேன். நாலு காரணத்துல அது இல்லைன்னாங்க."

"அடுத்த மாசம் பெரிய அதிகாரி வந்து அவங்களைப் பார்க்கணும்னு சொல்றார்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மறுபடி சோகம் வந்துடுச்சுன்னு போட்டுடலாம். யாரையும் பார்க்க மறுக்கறாங்கன்னு. நீங்க வாயைத் திறக்காம இருக்கணும், அவ்வளவுதான். கேடயம் உங்களுக்கே. சர்க்கரை பார்க்கற மிஷின் ஒண்ணு தர்றேன். வரிசையில நிக்கவேண்டாம், நேரா உள்ள வந்துடலாம்."

எதிராளிக்குச் சரக்கு அவசரம் என்று கதவுக்காரருக்குப் புரிந்தது. அவர் உறை போட்ட நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். ஏழரை மணி போன் வேணும். அதே பொண்ணு."

"யாருக்கு?"

"அவளுக்குத்தான். மறுபடி சோகம் வந்துடுச்சுன்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க?"

"ஒரு மாசம் பண்ணச் சொல்றேன்."

"கட்டாது."

"மூணு மாசம். அறுபது நாளுக்கு மேல விதியே இல்லை, தெரியுமா?"

கதவுக்காரர் எழுந்து வாசல் பக்கம் போனார்.

"உக்காருங்கய்யா! ஆறு மாசம்! அதுக்கு மேல எத்தனை நாளைக்குத்தான் கேப்பீங்க?"

"அவ சாகிற வரைக்கும்."

ஒருங்கிணைப்பாளர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டியலில் சாவுக்குக் கட்டம் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் தனக்கு நஷ்டமில்லை என்று தோன்றியது. புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்திப் பேனாவால் ஒரு கட்டத்தைத் தட்டினார்.

"பராமரிப்பாளர்னு ஒண்ணு இருக்கு. நீங்கதானே? இதைக் கட்டாயம் நிரப்பணும். உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா அவங்களை யார் பார்த்துப்பாங்க?"

கதவுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தைப் படித்தார்.

"யாரும் இல்லை" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக்கோங்க."

எழுதிய இடத்தில் கையெழுத்தும் போட்டார். நாற்பது வருடத் தொழிலில் பழைய சாமானுக்கு அவர் உத்தரவாதம் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.